30 ஹெர்ட்ஸுக்குக் கீழே: சேலம் அணுமின் நிலையத்தின் மின்மாற்றி கருகிய நிகழ்வு

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், டெலவேர் ஆறு கடலை நோக்கி அகலும் இடத்தில், சேலம் அணுமின் நிலையம் இருக்கிறது. 1989ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் அங்கே அணுவுலைக்கு எந்தத் தீங்கும் நேரவில்லை. எரிபொருள் சேதமடையவில்லை, கதிரியக்கமும் வெளியேறவில்லை. ஆனால் 1ஆம் அலகு உற்பத்தி செய்த மின்சாரத்தை 500 கிலோவோல்ட்டுக்கு உயர்த்தி வெளியே அனுப்பிய முதன்மை மின்மாற்றியின் உள்ளே, எண்ணெயில் மூழ்கிக் கிடந்த செப்புக் கடத்திகளைச் சுற்றியிருந்த காகித மின்காப்பு வெப்பத்தால் கருகிக்கொண்டிருந்தது. அதற்குக் காரணமாக அமைந்தது நிலையத்துக்குள் இருந்த எந்தக் கருவியின் பழுதும் அன்று. பதினைந்து கோடி கிலோமீட்டர் தொலைவில் சூரியனில் எழுந்த வெடிப்பும், அதன் விளைவாகப் பூமியின் காந்தப்புலத்தில் உண்டான கொந்தளிப்பும்தான்.

அணுமின் நிலையங்களில் மின்காந்த இடையூறு என்றதும் இத்துறையில் உள்ளவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது வாக்கி-டாக்கி, வெல்டிங் இயந்திரம், கருவிப் பெட்டிக்கு அருகில் செல்லும் மோட்டார் கேபிள் ஆகியவைதான். கையடக்க ரேடியோக்களால் நிலையக் கருவிகளுக்கு ஏற்படும் இடையூறு குறித்து அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 1983லேயே ஓர் அறிவிப்பு வெளியிட்டிருந்தது. அந்த வகை இடையூறுகள் எல்லாம் அருகிலிருந்து வருபவை, வேகமாக மாறுபவை. ஆகவே கவசமிட்டோ, கேபிளை விலக்கி இழுத்தோ, அறை வாசலில் தடை அறிவிப்பு ஒட்டியோ அவற்றைச் சமாளிக்கலாம். சேலத்தில் வந்த இடையூறு அவை எல்லாவற்றுக்கும் நேர்மாறானது: தொலைவிலிருந்து வந்தது, மிக மெதுவாக மாறியது, காற்றின் வழியே கருவிப் பெட்டிக்குள் நுழையாமல் நிலத்தின் வழியாகவும் கம்பியின் வழியாகவும் உள்ளே வந்தது. நிலையத்தின் காவல் ஏற்பாடுகள் அனைத்தும் வேகமாக மாறும் இடையூறுகளுக்கென்றே அமைக்கப்பட்டிருந்ததால் இந்த மெதுவான இடையூறு அவற்றின் கண்ணில் படவில்லை என்பதே இந்த ஆய்வு காட்ட முயலும் செய்தி.

புயல்

1989 மார்ச் 10இல் சூரியனில் ஒரு பெரும் வெடிப்பு பதிவாயிற்று. அதைத் தொடர்ந்து சூரியனிலிருந்து வீசப்பட்ட மின்னேற்றத் துகள் மேகம் உலக நேரப்படி 13ஆம் நாள் அதிகாலையில் பூமியின் காந்தப்புலத்தை மோதியது. அமெரிக்கக் கிழக்கு நேரம் அதிகாலை 2.44 மணி அளவில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 735 கிலோவோல்ட் கம்பித்தடங்களின் மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடித்திருந்த ஏழு ஈடுகட்டும் அமைப்புகள் ஒரு நிமிடத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக விலகிக்கொண்டன. ஏறத்தாழ 90 விநாடிகளில் ஹைட்ரோ-கியூபெக் நிறுவனத்தின் வலையமைப்பு முழுவதும் சரிந்து, 60 லட்சம் மக்கள் 9 மணி நேரம் வரை இருளில் இருந்தனர். புயலின் உச்சத்தில், உலகளாவிய காந்தக் கொந்தளிப்பை அளக்கும் டிஎஸ்டி குறியீடு −589 நானோடெஸ்லா வரை இறங்கியது. 1957இல் அந்தக் குறியீட்டின் தொடர் பதிவு தொடங்கிய பிறகு அதைவிடத் தாழ்ந்த மதிப்பு இன்றுவரை இல்லை.

கியூபெக்கின் கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. அதை இங்கே நீட்ட வேண்டியதில்லை. இருள் சூழ்ந்த இடம் எல்லோர் கண்ணிலும் பட்டதால், விளக்கு அணையாத ஓர் இடத்தில் நிகழ்ந்த சேதம் அதன் நிழலில் மறைந்துவிட்டது என்பதைக் குறித்துக்கொண்டால் போதும். புயல் அன்று அதிகாலையோடு ஓயாமல் பிற்பகலில் மீண்டும் வலுத்து அமெரிக்காவின் கிழக்குக் கரையையும் பிடித்தது. சேலத்துக்கு அடுத்துள்ள ஹோப் கிரீக், பென்சில்வேனியாவின் திரீ மைல் ஐலண்ட் ஆகிய அணுமின் நிலையங்களின் மின்மாற்றிகளிலும் காந்தத் தெவிட்டலின் (இரும்பு அதற்கு மேல் காந்தமாக இயலாத நிலையின்) அறிகுறிகள் காணப்பட்டன. உண்மையான சேதம் நேர்ந்தது சேலத்தின் 1ஆம் அலகில்.

புலம் சிறிது, பரப்பு பெரிது

பூமியின் இயல்பான காந்தப்புலம் சுமார் 50,000 நானோடெஸ்லா. கியூபெக் வலையமைப்பு சரிந்த நேரத்தில் அப்பகுதியில் புலம் மாறிய வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 480 நானோடெஸ்லா என மதிப்பிடப்படுகிறது. அதாவது ஒரு நிமிடத்தில் அரை மைக்ரோடெஸ்லாவுக்குச் சற்றுக் குறைவு. இதை நிலையத்துக் கருவிகளின் தாங்குதிறனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மின்வழங்கல் அதிர்வெண்ணில் அமையும் காந்தப்புலத்துக்கான சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் சோதனைத் தரம், அதன் கடுமையான நிலையில், கருவியைத் தொடர்ச்சியாக மீட்டருக்கு 100 ஆம்பியர் புலத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறது. இது ஏறத்தாழ 126 மைக்ரோடெஸ்லா. எனவே, ஒரு நிமிடத்தில் புயல் உண்டாக்கிய மாற்றத்தைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கும் அதிகமான புலத்தில், அசையாமல் இயங்கிக் காட்டிய பின்னரே ஒரு கருவி தேர்ச்சி பெறுகிறது. எண்களை மட்டும் பார்த்தால் புயலைப் பற்றிக் கவலைப்படவே தேவையில்லை.

எண்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவை வேறு கேள்விக்கு விடை சொல்கின்றன. கருவிப் பெட்டியின் அளவு ஒரு மீட்டர், இரண்டு மீட்டர். அந்த அளவுள்ள ஒரு வளையத்தில், மெதுவாக மாறும் சிறு புலம் உண்டாக்கும் மின்னழுத்தம் கணக்கில் எடுக்கத் தகாதது. புயலோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரப்பை ஒரே சமயத்தில் அசைக்கிறது. அந்த அசைவினால் நிலத்தின் மேற்பரப்பில் கிலோமீட்டருக்கு ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்ற அளவில் மின்புலம் எழுகிறது. ஒரு வோல்ட் அற்பம்தான். அதே ஒரு வோல்ட் 300 கிலோமீட்டர் நீளமுள்ள கம்பித்தடத்தின் இரு முனைகளுக்கிடையே 300 வோல்ட்டாகத் திரள்கிறது. அந்தத் தடத்தின் மூன்று கட்டங்களையும் (மின்சாரத்தை ஏந்தும் மூன்று தனிக் கம்பிகளையும்), இரு முனை மின்மாற்றிகளின் சுருள்களையும், நிலத்தொடர்பையும் சேர்த்து மொத்த மின்தடை மூன்று நான்கு ஓம் மட்டுமே என்றால், அந்த வளையத்தில் 75 முதல் 100 ஆம்பியர் வரை மின்னோட்டம் பாயும். உயர் அழுத்தத் தடங்களை இழப்புக் குறைவாக அமைக்க வேண்டும் என்பதற்காகப் பொறியாளர்கள் கம்பியின் மின்தடையைக் குறைத்துக்கொண்டே வந்ததுதான் இந்த மின்னோட்டத்துக்கும் வழியை அகலமாக்கியது.

இந்த மின்னோட்டத்தின் திசை சில விநாடிகளிலிருந்து பல நிமிடங்கள் வரை நீளும் கால அளவில்தான் மாறுகிறது. விநாடிக்கு 60 முறை அலையும் மின்வழங்கலோடு ஒப்பிட்டால் இது நேர்திசை மின்னோட்டமே.

சேலம் ஏன்?

புயல் வட அமெரிக்கா முழுவதையும் தொட்டது. ஆயினும் இந்த ஒரு நிலையம் ஏன் அதிகம் பாதிக்கப்பட்டது என்பதற்குப் பல காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. சேலம் நிலையம் மேற்கிலிருந்து வரும் 500 கிலோவோல்ட் தடங்களின் கிழக்கு ஓரத்தில் உள்ளது. நீண்ட வலையமைப்பின் நடுவில் இருக்கும் துணைமின் நிலையத்தில் ஒரு தடத்தின் வழியே வரும் மின்னோட்டம் அடுத்த தடத்தின் வழியே வெளியேறிவிடும். ஓரத்தில் இருக்கும் நிலையத்திலோ அதற்கு நிலத்தைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. நிலத்துக்குச் செல்லும் ஒரே வழி மின்மாற்றியின் நடுநிலை முனை, அதாவது மூன்று கட்டங்களின் சுருள்களும் ஒன்றுசேர்ந்து நிலத்தோடு இணையும் இடம். கடலுக்கு அருகே, ஈரம் நிறைந்த தாழ்நிலத்தில் அமைந்த நிலையம் என்பதால் நிலத்தொடர்பின் மின்தடையும் குறைவு. நன்றாக மின்கடத்தும் கடல்நீரும் அதைவிட மோசமாகக் கடத்தும் நிலமும் சந்திக்கும் கரையோரத்தில் மின்புலம் கூடுதலாகும் என்பது புவி இயற்பியலில் நன்கு அறியப்பட்ட விளைவு.

இவற்றோடு மின்மாற்றியின் அமைப்பும் சேர்ந்தது. சேலத்தில் இருந்தவை மூன்று கட்டங்களும் ஒரே உள்ளகத்தில் (சுருள்கள் சுற்றப்பட்ட இரும்புச் சட்டத்தில்) அமைந்த மின்மாற்றி அல்ல; கட்டத்துக்கு ஒன்றாக வைக்கப்பட்ட ஒற்றைக்கட்ட மின்மாற்றிகள். மூன்று தூண் உள்ளகத்தில் மூன்று கட்டங்களின் நேர்திசைக் காந்தப்பாயமும் (இரும்பின் வழியே செல்லும் காந்த ஓட்டமும்) ஒரே திசையில் தள்ளுவதால் அது திரும்பிச் செல்ல எண்ணெயையும் தொட்டிச் சுவரையும் கடக்க வேண்டியிருக்கும். ஆகவே அது அவ்வளவு எளிதில் வளராது. ஒற்றைக்கட்ட மின்மாற்றியிலோ அந்தப் பாயத்துக்கு இரும்பிலேயே முழுமையான சுற்றுப்பாதை இருக்கிறது. பெரிய அலகுகளைச் சாலையிலும் ரயிலிலும் கொண்டுசெல்ல முடிய வேண்டும், ஒன்று பழுதானால் ஒன்றை மட்டும் மாற்ற முடிய வேண்டும் என்ற நியாயமான காரணங்களுக்காகவே ஒற்றைக்கட்ட அமைப்பு தேர்ந்தெடுக்கப்படுகிறது. காந்தப்புயலை மனத்தில் வைத்து அதை எவரும் தேர்ந்தெடுப்பதில்லை.

மின்மாற்றிக்குள் நடந்தது

பெரிய மின்மாற்றி ஒன்றின் முழுச்சுமை மின்னோட்டம் உயர் அழுத்தப் பக்கத்தில் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் இருக்கும். எனவே சில பத்து ஆம்பியர் கூடுதலாகப் பாய்வதால் அந்தச் சுருள் சூடாகிவிடாது. இங்கே ஒப்பிட வேண்டியது சுமை மின்னோட்டத்தோடு அல்ல, உள்ளகத்தைக் காந்தமாக்கும் கிளர்வு மின்னோட்டத்தோடு. நவீன உள்ளகங்களில் அது வெறும் சில ஆம்பியர் மட்டுமே. ஒரு சுற்றின் முதற்பாதியில் ஒரு திசையிலும் மறுபாதியில் எதிர்த்திசையிலும் காந்தமாகும் இரும்பு, தெவிட்டு நிலைக்குச் சற்றுக் கீழேயே நிற்கும்படி வடிவமைக்கப்படுகிறது. இரும்பு விலையுயர்ந்தது, எடைமிக்கது என்பதால் அதற்கு மேல் இடைவெளி விடுவதில்லை. அங்கே கிளர்வு மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கு நேர்திசை மின்னோட்டம் நுழைந்தால், அலையின் ஒரு பாதி மேலும் மேலும் தெவிட்டு நிலைக்குள் தள்ளப்படுகிறது. மறுபாதியில் ஒன்றும் நிகழ்வதில்லை. இதைத்தான் அரைச்சுற்றுத் தெவிட்டல் என்கிறோம்.

தெவிட்டிய அந்தச் சில மில்லிவிநாடிகளில் இரும்பு இரும்பாக இருப்பதை நிறுத்திக்கொள்கிறது என்றே சொல்லலாம். உள்ளகம் ஏந்த இயலாத காந்தப்பாயம் வெளியே கசிந்து, எண்ணெய், தொட்டிச் சுவர், உள்ளகத்தை இறுக்கிப் பிடிக்கும் எஃகுத் தகடுகள், சுருள்கள் என வழியில் இருப்பவை அனைத்தையும் ஊடுருவுகிறது. மாறிக்கொண்டே இருக்கும் பாயம் எந்த உலோகத்தை ஊடுருவினாலும் அங்கே சுழல் மின்னோட்டம் எழும். சுழல் மின்னோட்டம் எழுந்த இடம் சூடாகும். விநாடிக்கு 60 முறை, புயல் நீடிக்கும் வரை, இது தொடர்கிறது.

சேலத்தின் மின்மாற்றியைத் திறந்து பார்த்தபோது சேதம் காணப்பட்டது தாழ் அழுத்தச் சுருளில், அதன் இணைப்புக் கடத்திகளில். இந்த விவரத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். சூரியப் புயலின் மின்னோட்டம் பாய்ந்தது நிலத்தோடு இணைந்த உயர் அழுத்தச் சுருளில் மட்டுமே. மின்னாக்கியின் பக்கம் இருக்கும் தாழ் அழுத்தச் சுருளுக்கு நிலத்தொடர்பு வழியே அது வருவதற்குப் பாதையே இல்லை. ஆனால் எரிந்தது அந்தச் சுருள்தான். இடையூறு மின்னோட்டமாக வந்து, காந்தப்பாயமாக மாறி, வேறொரு சுருளில் வெப்பமாக இறங்கியது. காப்புக் காகிதம் கரியாகி, சில இடங்களில் செப்பே உருகியிருந்தது. மின்மாற்றி வெளியே பார்ப்பதற்கு இயல்பாகவே இருந்தது.

இந்தச் சேதத்துக்குப் புயலையே முழுப் பொறுப்பாக்குவது சரியா என்ற விவாதம் பின்னாளில் எழுந்தது. அந்த மின்மாற்றி வகையின் தாழ் அழுத்த இணைப்புகள் கசிவுப் பாயத்துக்கு அளவுக்கு மீறி இடம்கொடுக்கும் வடிவமைப்பு என்றும், வேறு வடிவமைப்பாக இருந்திருந்தால் அதே மின்னோட்டத்தைத் தாங்கியிருக்கும் என்றும் மின்மாற்றித் துறையினர் வாதிட்டனர். அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. அதே நாளில் வட அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான மின்மாற்றிகள் தாங்கி நின்றன. எனினும் இதை ஆறுதலாக எடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு வடிவமைப்பின் பலவீனம் அதுவரை எந்தச் சோதனையிலும் வெளிப்படவில்லை என்றால், அந்தச் சோதனைகள் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது என்பதுதான் அதன் பொருள். அதே ஆண்டு செப்டம்பரில் வந்த மற்றொரு காந்தப்புயலின்போது சேலத்தின் 2ஆம் அலகு மின்மாற்றியும் பாதிக்கப்பட்டது.

ரிலேக்கள் பேசாதது ஏன்?

பெரிய மின்மாற்றி ஒன்றைச் சுற்றிப் பல அடுக்குக் காவல் உண்டு. அவற்றுள் முதன்மையானது வேறுபாட்டு ரிலே. உள்ளே போகும் மின்னோட்டத்தையும் வெளியே வரும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் உடனே மின்மாற்றியைத் துண்டிப்பது அதன் வேலை. காந்தப்புயலின் மின்னோட்டமோ ஒரு பக்கச் சுருளில் மட்டும் பாய்கிறது. இதைவிடத் தெளிவான வேறுபாடு இருக்க முடியாது. இருந்தும் ரிலே அதைக் காண்பதில்லை. ரிலேவுக்கு மின்னோட்டத்தின் செய்தியைக் கொண்டுவருவது மின்னோட்ட மின்மாற்றி என்ற சிறு கருவி. மாற்றமில்லாத மின்னோட்டத்தை எந்த மின்மாற்றியும் மறுபக்கத்துக்குக் கடத்துவதில்லை. நோயாளியும் மருத்துவரும் ஒரே இனத்தைச் சேர்ந்தவர்கள்; ஒருவரைத் தாக்கியது மற்றவருக்குப் புலப்படவே இல்லை.

அரைச்சுற்றுத் தெவிட்டலால் எழும் சிதைந்த அலை மாறிக்கொண்டே இருப்பதால் ரிலே அதையாவது பார்த்திருக்க வேண்டும். பார்க்கவும் செய்கிறது. ஆனால் அங்கே இன்னொரு ஏற்பாடு குறுக்கிடுகிறது. மின்மாற்றியை முதன்முதலில் மின்வழங்கலோடு இணைக்கும்போது சிறிது நேரம் உள்ளகம் தெவிட்டி, பெரும் மின்னோட்டத்தை உறிஞ்சுவது இயல்பு. அதைப் பழுதென்று எண்ணி ரிலே துண்டித்துவிடக் கூடாது என்பதற்காக, அலையில் இரண்டாம் சீரிசை (மின்வழங்கலைவிட இருமடங்கு வேகத்தில் அலையும் கூறு) மிகுந்திருந்தால் வாய் திறக்காதே என்று அதற்குக் கட்டளையிடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அரைச்சுற்றுத் தெவிட்டலின் அடையாளமும் அதே இரண்டாம் சீரிசைதான். தேவையற்ற துண்டிப்பைத் தவிர்க்க வைத்த பூட்டு, தேவையான எச்சரிக்கையையும் சேர்த்துப் பூட்டிவிடுகிறது.

வெப்பமானிகளாலும் பயனில்லை. அவை மேற்பரப்பு எண்ணெயின் வெப்பநிலையையும் சுருளின் சராசரி வெப்பநிலையையும் காட்டுபவை. பல ஆயிரம் லிட்டர் எண்ணெய்க்கு நடுவே, கையளவு இடத்தில் செப்பு உருகும் அளவுக்குச் சூடானாலும் சராசரி அசைவதில்லை.

காட்டிக்கொடுத்தது எண்ணெய். மின்மாற்றி எண்ணெயும் காகிதமும் அதிக வெப்பத்தில் சிதையும்போது வாயுக்களாகப் பிரிகின்றன. மிதமான வெப்பத்தில் மீத்தேனும் ஈத்தேனும், கடும் வெப்பத்தில் எத்திலீனும், மின்பொறி எழும் அளவுக்குப் போனால் அசெட்டிலீனும், காகிதம் கருகினால் கார்பன் மோனாக்சைடும் எண்ணெயில் கரைந்து நிற்கும். எண்ணெயின் மாதிரியை எடுத்துப் பகுப்பாய்வு செய்பவருக்கு, திறந்து பார்க்காமலேயே உள்ளே என்ன எரிந்தது என்று ஓரளவு சொல்ல முடியும். புயலுக்குப் பிந்தைய நாட்களில் சேலத்தின் எண்ணெயில் கரைந்த வாயுக்களின் அளவு கூடியிருந்ததைப் பகுப்பாய்வு காட்டியது. அதன்பிறகே மின்மாற்றி சேவையிலிருந்து நீக்கப்பட்டு ஆராயப்பட்டது. அதற்குள் புயல் ஓய்ந்திருந்தது. அந்தக் கண்காணிப்பு உரிய காலத்தில் நடந்திராவிட்டால், கருகிய காப்போடு முழுச்சுமையில் ஓடிய மின்மாற்றி பின்னொரு நாள் உட்புறக் குறுக்குச்சுற்றினால் வெடித்திருக்கக்கூடும்; அப்போது மார்ச் 13ஐ அதனோடு தொடர்புபடுத்தியிருக்க எவருக்கும் தோன்றியிராது.

இது பாதுகாப்புக் கருவியா?

வகைப்பாட்டின்படி இல்லை. அமெரிக்க நடைமுறையில் 1ஈ வகுப்பு எனக் குறிக்கப்படும் பாதுகாப்பு மின்சாதனங்கள், அணுவுலையை நிறுத்தவும் குளிர்விக்கவும் இன்றியமையாதவை. அவசர டீசல் மின்னாக்கி, மின்கலத் தொகுப்பு, அவற்றின் விசைப்பலகைகள் (மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் பெட்டிகள்) ஆகியவை இதில் அடங்கும். முதன்மை மின்மாற்றி விற்பனைக்கான மின்சாரத்தை வெளியே அனுப்பும் வணிகச் சாதனம். அது பழுதானால் அலகு நின்றுவிடும். நின்ற அணுவுலையைக் குளிர்விக்க வெளியிலிருந்து வரும் மின்சாரம் போதும். இந்த வாதம் ஒவ்வொரு வாக்கியத்திலும் சரியானது, ஒரே ஓர் அனுமானத்தைத் தவிர: முதன்மை மின்மாற்றியைப் பழுதாக்கிய அதே காரணம், அதே நேரத்தில், வெளியிலிருந்து வரும் மின்சாரத்தையும் தொடாது என்ற அனுமானம்.

வெளிமின்சாரத்தை உள்ளே கொண்டுவரும் மின்மாற்றிகளும் பெரும்பாலும் அதே மின்முற்றத்தோடு (நிலையம் வலையமைப்போடு இணையும் இடத்தோடு), அதே நிலத்தொடர்போடு இணைந்தவை. தெவிட்டிய ஒவ்வொரு மின்மாற்றியும், வேலை எதுவும் செய்யாமல் மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கத் தேவையான ரியாக்டிவ் பவரை வலையமைப்பிலிருந்து உறிஞ்சுகிறது. நூற்றுக்கணக்கான மின்மாற்றிகள் ஒரே நேரத்தில் அப்படி உறிஞ்சினால் ஒரு வட்டாரத்தின் மின்னழுத்தமே தாழ்ந்துவிடும். அணுமின் நிலையத்தின் பாதுகாப்பு விசைப்பலகைகளில் தாழ்ந்த மின்னழுத்தத்தைக் கவனிக்கும் ரிலேக்கள் உண்டு. 1976இல் கனெக்டிகட் மாநிலத்தின் மில்ஸ்டோன் நிலையத்தில், முழுவதும் அறுந்துபோகாமல் தாழ்ந்து நின்ற மின்னழுத்தத்தால் பாதுகாப்பு மோட்டார்கள் இயங்க மறுத்த நிகழ்வுக்குப் பிறகே அவை இரண்டாம் அடுக்காக எங்கும் பொருத்தப்பட்டன. அவை தம் கடமையைச் செய்தால் பாதுகாப்பு விசைப்பலகைகளை வெளிமின்சாரத்திலிருந்து பிரித்து டீசல் மின்னாக்கிகளுக்கு மாற்றிவிடும். டீசல் இயங்கும் வரை சிக்கல் இல்லை. ஆனால் காந்தப்புயலால் பல நிலையங்களில் ஒரே நேரத்தில் இது நிகழ்ந்தால், வலையமைப்பு எழுந்து நிற்க உதவ வேண்டிய நேரத்தில் அதன் பெரிய மின்னாக்கிகள் விலகிக்கொள்ளும்.

சிதைந்த அலையால் தவறாகப் பேசும் ரிலேயும் உண்டு. 2003 அக்டோபர் 30இல் சுவீடனின் மால்மோ நகரில் மூன்றாம் சீரிசைக்கு அளவுக்கு மீறி உணர்வு கொண்டிருந்த ஒரு ரிலே, பழுதில்லாத கம்பித்தடத்தைத் துண்டித்து ஏறத்தாழ 50,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரத்தை நிறுத்தியது. பேச வேண்டிய ரிலே வாய்மூடி நிற்பதும், பேசக்கூடாத ரிலே பேசுவதும் ஒரே புயலின் இரு முகங்கள்.

இங்கே ஒரு கிளைச் செய்தி. காந்தப்புயலோடு சம்பந்தமில்லாததாயினும், 2012 ஜனவரி 30இல் இல்லினாய்ஸ் மாநிலத்தின் பைரன் நிலையத்தில் நிகழ்ந்ததும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. வெளிமின்சாரத் தடத்தில் ஒரு மின்காப்பி உடைந்து மூன்று கட்டங்களுள் ஒன்று மட்டும் அறுந்தபோது, தாழ்ந்த மின்னழுத்த ரிலேக்களின் அமைப்பு அந்த ஒருகட்ட இழப்பைப் பழுதாக ஏற்கவில்லை. சுமார் எட்டு நிமிடங்களுக்குப் பிறகு நிலையத்தை இயக்குபவர்களே கையால் பிரிக்க வேண்டியிருந்தது. ரிலே எந்த உருவத்தில் ஆபத்தை எதிர்பார்க்கக் கற்பிக்கப்பட்டதோ அந்த உருவத்தில் வந்தால்தான் அது அடையாளம் காணும்.

விதிகள் எழுதப்பட்ட வரிசையும் கவனிக்கத்தக்கது. வெளிமின்சாரமும் டீசலும் சேர்ந்து இழக்கப்படும் முழு இருட்டடைப்பை ஒவ்வொரு நிலையமும் குறிப்பிட்ட நேரம் தாங்க வேண்டும் என்ற விதியை ஒழுங்குமுறை ஆணையம் 1988 ஜூனில் கொண்டுவந்தது. வெளிமின்சாரம் எவ்வளவு நேரம் இல்லாமல் போகலாம் என்பதைக் கணிக்க அந்த ஏற்பாடு சூறாவளி, சுழற்காற்று, பனிப்பொழிவு, கடலோர உப்புப் படிவு ஆகியவற்றை எடுத்துக்கொண்டது. சூரியன் அந்தப் பட்டியலில் இல்லை. ஒன்பது மாதங்களுக்குள் சேலத்தின் மின்மாற்றி கருகியது.

மாற்று மின்மாற்றியும் பின்வந்த விதிகளும்

இத்தகைய மின்மாற்றிகள் கடையில் கிடைப்பவை அல்ல. ஒவ்வொன்றும் ஆணையின் பேரில் தயாரிக்கப்படுவது, ஒரு வருடத்துக்கும் மேல் ஆகும். வாஷிங்டன் மாநிலத்தில் கட்டுமானம் கைவிடப்பட்ட ஓர் அணுமின் திட்டத்துக்கென வாங்கப்பட்டுப் பயன்படாமல் கிடந்த மின்மாற்றி சேலத்துக்குப் பொருந்தியது. நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு அதைக் கொண்டுவந்து பொருத்த ஏறத்தாழ ஆறு வாரங்கள் ஆயின. இதைத் திட்டமிட்ட தயார்நிலை என்று எந்த ஆவணத்தில் எழுதினாலும் அது அதிர்ஷ்டம்தான்.

1990 ஜூன் 19இல் ஒழுங்குமுறை ஆணையம் சூரியக் காந்தக் கொந்தளிப்பால் மின்சாதனங்கள் பழுதாவது குறித்த தகவல் அறிவிப்பைத் தன் உரிமதாரர்கள் அனைவருக்கும் அனுப்பியது. தகவல் அறிவிப்பு என்பது கட்டளை அன்று. படித்துத் தமக்குப் பொருந்துமா என்று நிலையங்களே தீர்மானிக்க வேண்டியது. கட்டாயத் தன்மையுள்ள விதி வருவதற்கு மேலும் இரு பத்தாண்டுகளுக்கு மேல் ஆயின. அதுவும் அணுசக்தி ஆணையத்திடமிருந்து வரவில்லை. 2013 மே மாதத்தில் அமெரிக்கக் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் காந்தப்புயலுக்கான நம்பகத்தன்மைத் தரங்களை வகுக்கும்படி வட அமெரிக்க மின்நம்பகத்தன்மை நிறுவனத்துக்கு ஆணையிட்டது. அதன்படி உருவாகி 2016இல் ஒப்புதல் பெற்ற திட்டமிடல் தரம், கிலோமீட்டருக்கு 8 வோல்ட் என்ற மின்புலத்தை அடிப்படை அளவாக வைத்து, இடத்துக்கும் நிலத்தின் தன்மைக்கும் ஏற்ப அதைத் திருத்தி ஒவ்வொரு வலையமைப்பையும் கணக்கிடச் சொல்கிறது. ஒரு கட்டத்துக்கு 75 ஆம்பியர் அல்லது அதற்கு மேல் மின்னோட்டம் வரக்கூடிய மின்மாற்றிகளுக்குத் தனியே வெப்ப ஆய்வு தேவை. நடுநிலை முனையில் நேர்திசை மின்னோட்டத்தை நேரடியாக அளக்கும் கருவிகள் பல இடங்களில் பொருத்தப்பட்டன. மின்னோட்ட மின்மாற்றியைச் சாராமல் காந்தப்புலத்தையே உணரும் ஹால் உணரி அவற்றில் பயன்படுகிறது. ரிலேயின் குருட்டுப்புள்ளிக்கு இதுவே நேர் மருந்து.

மின்னோட்டம் நுழையாமல் நடுநிலை முனையில் மின்தேக்கி வைத்துத் தடுக்கலாம் என்ற தீர்வு நெடுநாளாக உண்டு. ஹைட்ரோ-கியூபெக் தன் நீண்ட தடங்களில் தொடர் மின்தேக்கிகளைப் பொருத்தியதும் இவ்வகையில் பயன் தந்தது. ஆனால் ஓர் இடத்தில் அடைத்த மின்னோட்டம் அடுத்த நிலத்தொடர்பைத் தேடிப் போகும். ஒரு நிலையத்துக்கு மட்டும் தீர்வாக அமைவது அண்டை நிலையத்துக்குச் சுமையாகலாம். எனவே இதை நிலையத்தின் எல்லைக்குள் தீர்மானிக்க முடியாது, வலையமைப்பு முழுவதையும் வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

கடினமான கேள்வியை 2011இல் ஒரு குடிமக்கள் அமைப்பின் மனு எழுப்பியது. டீசல் எரிபொருள் இருப்பு பொதுவாக ஏழு நாட்களுக்கானது. பெரும் புயலொன்று பரந்த நிலப்பரப்பில் மின்மாற்றிகளைப் பழுதாக்கி, வலையமைப்பு மாதக்கணக்கில் எழாமல், டீசல் லாரிகளும் வர இயலாமல் போனால், பயன்படுத்தப்பட்ட எரிபொருள் கிடக்கும் குளங்களுக்கு யார் நீர் ஊற்றுவது என்பதே அந்தக் கேள்வி. மனுவை எளிதில் தள்ளிவிடாமல், விதியாக்கச் செயல்முறையில் பரிசீலிப்பதாக 2012 டிசம்பரில் ஒழுங்குமுறை ஆணையம் அறிவித்தது. ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலைய விபத்துக்குப் பின், எடுத்துச்செல்லக்கூடிய பம்புகளும் மின்னாக்கிகளும் எல்லா நிலையங்களுக்கும் கட்டாயமானதால் அந்தக் கவலையின் ஒரு பகுதி குறைந்திருக்கிறது; அந்தப் பம்புகளுக்கும் எரிபொருள் வேண்டும் என்பது அப்படியே இருக்கிறது.

பாதுகாப்புக் கருவிகளின் மின்காந்தத் தாங்குதிறன் குறித்த அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் வழிகாட்டி முதன்முதலில் 2000 ஜனவரியில், அதாவது சேலம் நிகழ்வுக்குப் பதினோராம் ஆண்டில், வெளியாகி, 2003இலும் 2019இலும் திருத்தப்பட்டது. காந்தப்புலத்தில் ஒரு கருவி எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க அது ஏற்கும் ராணுவத் தரச் சோதனை 30 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 30 அலைவில், தொடங்கி 100 கிலோஹெர்ட்ஸில் முடிகிறது. கருவிப் பெட்டிகளுக்கு அந்த வரம்பு பொருத்தமானது. அவற்றின் அளவில் அதற்குக் கீழே அஞ்ச ஒன்றுமில்லை. சேலத்தின் மின்மாற்றியைக் கருக்கிய மின்னோட்டமோ ஓர் அலைவை முடிக்கப் பல நிமிடங்கள் எடுத்துக்கொள்ளக்கூடியது, ஒரு ஹெர்ட்ஸில் ஆயிரத்தில் சில பங்கு மட்டுமே. அதை எதிர்கொண்ட சாதனம் அந்த வழிகாட்டியின் வரம்புக்குள் வராத, 1ஈ வகுப்பு அல்லாத சாதனம். 2019இன் திருத்தத்திலும் அந்தச் சோதனையின் கீழ் எல்லை 30 ஹெர்ட்ஸ்தான்.